நம்பாமல் இழந்தவை

"சார்ஜ் இல்லையே தம்பி" என்றேன். பொய். பையில் இருந்த போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

இரவு நேரம், ரயில் நிலைய நடைமேடை. அந்தப் பையனுக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கலாம். தன் போன் அணைந்துவிட்டது, ஒரே ஓர் அழைப்பு, ஒரு நிமிடம் போதும் என்றான். நான் மறுக்கப்போகிறேன் என்பது அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. "பரவாயில்லை சார், நன்றி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். நன்றி எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

அவன் கூட்டத்துக்குள் மறைந்ததும் மனதில் ஒரு நிம்மதி. போனை வாங்கிப் பேசுவதுபோல் நடந்து ஓடிவிட்டவர்கள், வாங்கிய போனில் வங்கிக் கணக்கைத் துடைத்தவர்கள் என்று கேள்விப்பட்ட கதைகளெல்லாம் வரிசையாக வந்து என் பக்கம் நின்றன. சில நாள் கழித்து நண்பர் ஒருவரிடம், "அன்றைக்கு ஒருவன் போன் கேட்டு வந்தான், நல்லவேளை சுதாரித்துக்கொண்டேன்" என்றேன். அவரும் ஆமோதித்துத் தலையாட்டினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பையனைத் திருடனாக்கி முடித்தோம்.

உண்மையில் அன்று எதுவுமே நடக்கவில்லை. அவன் எதையும் திருடவில்லை, திருட முயலவும் இல்லை. கேட்டான், மறுத்தேன், போனான். அவ்வளவுதான். ஆனாலும் என் அனுபவக் கணக்கில் ஒரு வரவு ஏறிவிட்டது: உலகம் கெட்டுக் கிடக்கிறது, விழிப்பாக இருந்ததால் பிழைத்தேன். நடக்காத ஒரு திருட்டிலிருந்து நான் பாடம் கற்றுக்கொண்டிருந்தேன். இது உறைக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

மனித இயல்பைப் பற்றி எனக்கென்று தனியாகக் கொள்கை எதுவும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதெல்லாம் தத்துவவாதிகளின் வேலை. பழைய சீனத்தில் மென்சியஸ் மனிதன் பிறப்பிலேயே நன்மையின் பக்கம் சாய்ந்தவன் என்றார். அவருக்குப் பின் வந்த சுன்சி, இயல்பு கெட்டதுதான், நன்மை பயிற்சியால் வருவது என்றார். 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸும் 18ஆம் நூற்றாண்டில் ரூசோவும் ஏறக்குறைய அதே வழக்கை ஐரோப்பாவில் மறுபடி நடத்தினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பு வராத வழக்கு. நாம்தான் தினமும் காலையில் எழுந்தவுடன் தீர்ப்பெழுதி முடித்துவிட்டு வேலைக்குப் போகிறோம்.

தமிழில் பிறந்தவனுக்கு இந்தத் தீர்ப்பு பழமொழிகளாகவே கையில் கிடைத்துவிடுகிறது. அடியாத மாடு படியாது. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. எதிர்ப்பக்கமும் இருக்கிறது: தன்னைப் போல் பிறரை நினை, ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். இரண்டு பையிலும் சரக்கு இருக்கிறது, வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் கவனித்தவரையில் இரண்டுக்கும் வேலைப் பங்கீடு வேறு. இரண்டாவது வகையை மேடையிலும் வாழ்த்து மடலிலும் பயன்படுத்துகிறோம். ஒரு விண்ணப்பப் படிவத்தை வடிவமைக்கும்போது, வருகைப் பதிவை ஏற்பாடு செய்யும்போது, பிள்ளையின் அறைக்கதவைத் தட்டலாமா தட்டாமல் திறக்கலாமா என்று முடிவெடுக்கும்போது, முதல் வகைதான் கையில் வருகிறது. நம் உண்மையான கொள்கை எது என்று தெரிந்துகொள்ள நாம் சொல்வதைக் கேட்டுப் பயனில்லை. நாம் போட்டிருக்கும் பூட்டுகளை எண்ண வேண்டும்.

டெட்லெஃப் ஃபெட்சன்ஹவர், டேவிட் டன்னிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நடைமேடையில் நான் செய்ததைக் கண்ணாடிபோல் காட்டியது. ஆய்வு எளிமையானது. உங்கள் கையில் ஒரு தொகை. அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுக்கலாம். கொடுத்தால் அது பெருகும். பெருகியதில் பாதியை அவர் உங்களுக்குத் திருப்பித் தரலாம், முழுவதையும் சுருட்டிக்கொள்ளவும் செய்யலாம். எத்தனை பேர் திருப்பித் தருவார்கள் என்று கேட்டால், மக்கள் சொல்லும் எண்ணிக்கை உண்மையில் திருப்பித் தந்தவர்களைவிட மிகக் குறைவாக இருந்தது. இது பெரிய ஆச்சரியம் இல்லை. அடுத்த கட்டம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு குழுவினருக்கு, தாங்கள் நம்பிப் பணம் கொடுத்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்பது மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு குழுவினருக்கு, நம்பாமல் விட்ட ஆட்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதும் சொல்லப்பட்டது. இரண்டாவது குழுவின் மதிப்பீடு மெல்ல மெல்ல உண்மையை நெருங்கியது. முதல் குழு சந்தேகத்திலேயே நின்றது.

காரணம் வெளிப்படையானது. நம்பி ஏமாந்தால் உடனே தெரிந்துவிடும். அடுத்தமுறை கொஞ்சம் குறைவாக நம்புவோம். நம்பாமல் விட்டது தவறாக இருந்தால் அது ஒருபோதும் தெரியவராது. ஆகவே திருத்தம் ஒரே திசையில்தான் நடக்கும். எடைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துகொண்டே போவது போல. வயது ஏற ஏற மனிதர்களைப் பற்றி நாம் கசப்பாகப் பேசுவதை 'பட்டறிவு' என்கிறோம். அதில் எவ்வளவு பட்டது, எவ்வளவு படாமலே அறிந்துகொண்டது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதை வெறும் தகவலாகப் படித்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஒரு மனிதரிடம் நான் இதைச் செய்திருக்கிறேன், ஓராண்டு முழுவதும்.

சில காலம் ஒரு சிறிய மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். இரண்டு பேர் வெளியூர்களிலிருந்து வேலை செய்தார்கள். ஒருவர் மூத்தவர், கலகலப்பானவர். மற்றவர் இளையவர், முதல் கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பேசாதவர் என்பதனாலேயே அவர் மேல் எனக்கு ஒரு ஐயம். அன்றாடம் மாலையில் அன்று என்ன செய்தார் என்று ஓர் அறிக்கை அனுப்பும்படி அவரிடம் சொன்னேன். மூத்தவரிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் கொடுத்த பக்கங்கள் கிட்டத்தட்ட சமம். பிழைகளும் சமம். ஆண்டு முடிவில் மதிப்பீடு எழுதும்போது மூத்தவரைப் பற்றி 'தானாகவே பொறுப்பெடுத்துக்கொள்பவர்' என்று எழுதினேன். இளையவரைப் பற்றி எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: 'கண்காணிப்பு இருந்தால் நன்றாகச் செய்வார்.'

லாயிட் ஸ்ட்ரிக்லாண்ட் 1958இல் செய்த ஒரு சோதனையைப் பல வருடம் கழித்துப் படித்தேன். மேற்பார்வையாளராக நடிக்கும் ஒருவருக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஏற்பாட்டின்படி, ஒருவரின் வேலையை அவர் அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கிறது, மற்றவருடையதை எப்போதாவது. இருவரும் முடிக்கும் வேலையின் அளவு ஒன்றே. இதன்பிறகு, யாரை வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்று மேற்பார்வையாளரிடம் விட்டால், அவர் ஏற்கெனவே அடிக்கடி சோதித்தவரையே மறுபடியும் சோதிக்கிறார். அவரைத்தான் நம்பமுடியாதவர் என்றும் சொல்கிறார். சோதிக்காமல் விடப்பட்டவர் வேலையை முடித்தால், தன் விருப்பத்தால் முடித்தார். சோதிக்கப்பட்டவர் முடித்தால், சோதித்ததால் முடித்தார். பாவம், அவர் எப்படி உழைத்தாலும் அந்தப் பெருமை மேற்பார்வையாளருக்கே போகிறது.

படித்தபோது அந்தச் சோதனைக்கூடத்தில் நானே உட்கார்ந்திருப்பது போலிருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் நிலைமை அதைவிட மோசம். நான் பார்த்ததோடு நிற்காமல் போய் மஞ்சள் பூசியும் வைத்திருந்தேன். ஏனென்றால் அந்த ஆண்டின் பிற்பகுதியில் இளையவர் உண்மையிலேயே மாறிவிட்டார். கொடுத்ததை மட்டும் முடிப்பார். நேரம் ஆனதும் எழுந்துவிடுவார். ஒரு சொல்லுக்கு இன்னும் நல்ல இணை கிடைக்குமா என்று முன்பு கேட்டு எழுதுவார், அதை நிறுத்திவிட்டார். 'நான் நினைத்தது சரிதான்' என்று எனக்குள் ஒரு திருப்தி. வெட்கமாக இருக்கிறது சொல்ல, திருப்திதான்.

வேலையை விட்டுப் போகும் நாளில் அவரிடம் போனில் பேசினேன். சம்பிரதாயப் பேச்சு முடிந்தபிறகு அவர் கேட்டார்: "சார், தப்பாக நினைக்காதீர்கள். அந்த அறிக்கையை எப்போதாவது படித்தீர்களா?"

முதல் இரண்டு வாரம் படித்தேன். அதன்பின் வந்ததா என்று மட்டும் பார்ப்பேன். உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார். கடைசி இரண்டு மாதமாக ஒரே அறிக்கையைத்தான் தேதி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் அவர் என்னை ஏமாற்றியிருக்கிறார். என் ஐயம் சரியென்று வழக்காடலாம். இன்னொரு பக்கம், அந்த இரண்டு மாதமும் மொழிபெயர்ப்பு ஒருநாள் தவறாமல், பிழையில்லாமல் வந்திருக்கிறது. அவர் பொய் சொன்னது ஒரே இடத்தில். பொய் சொல்வார் என்று நான் எதிர்பார்த்துக் கட்டி வைத்த இடத்தில்.

ஆர்மின் ஃபால்க்கும் மைக்கேல் கோஸ்ஃபெல்டும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இதையே எண்களோடு காட்டுகிறது. வேலை கொடுப்பவர், வேலை செய்பவர் என்று இருவர். எவ்வளவு உழைப்பைக் கொடுப்பது என்பது வேலை செய்பவரின் விருப்பம். ஆனால் வேலை கொடுப்பவர் விரும்பினால், 'இவ்வளவுக்குக் குறையக் கூடாது' என்று ஒரு கீழ்வரம்பை முன்கூட்டியே போடலாம். போட்டால் லாபம்தானே என்று தோன்றும். வரம்பு போட்டவர்களுக்குப் பெரும்பாலோர் குறைவாகக் கொடுத்தார்கள். போடாதவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வரம்பை அவர்கள் ஒரு விதியாகப் படிக்கவில்லை, தங்களைப் பற்றிய கருத்தாகப் படித்தார்கள். 'என்னை நீ இப்படித்தான் எடை போட்டிருக்கிறாயா, சரி, அப்படியே இருக்கிறேன்.' இதைப் பதின்வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் கேட்கலாம், ஆய்வுக்கூடம் தேவையில்லை.

இதே இனத்தில் இன்னொன்று பலருக்கும் தெரிந்திருக்கும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீசியும் ஆல்டோ ருஸ்டிசினியும் நடத்திய ஆய்வு, 2000இல் வெளிவந்தது. மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை பெற்றோரை ஓரளவு கட்டி வைத்திருந்தது, காத்திருக்கும் ஆசிரியையின் முகம். அபராதம் வந்ததும் அந்த முகத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது, கொடுத்தால் தீர்ந்தது. இதைவிடக் கவலைக்குரியது பின்னால் நடந்தது. சில வாரங்களுக்குப் பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முகத்துக்கு இப்போது விலையும் இல்லை, மதிப்பும் இல்லை. 'மனிதர்கள் காசுக்குத்தான் அசைவார்கள்' என்ற எண்ணத்தில் ஓர் ஏற்பாட்டைச் செய்தால், அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் மனிதர்கள் காசுக்கு அசையக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு ஏற்பாட்டை நீக்கினாலும் பாடம் மனதில் தங்கிவிடுகிறது.

பிறரைப் பற்றிய கணிப்பு இருக்கட்டும். நம்மைப் பற்றி நாமே கொடுக்கும் விளக்கத்திலும் இந்தக் கொள்கை நுழைந்துவிட்டது, அதுதான் வேடிக்கை. நான் வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்ததானம் செய்பவன். ஏன் என்று யாராவது கேட்டால், "பழைய ரத்தம் போய்ப் புது ரத்தம் ஊறும், உடம்புக்கு நல்லது" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். யாருக்கோ உதவட்டுமே என்றுதான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாய் வருவதில்லை. சொன்னால் என்னை ஏதோ தியாகி வேஷம் போடுபவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். கெட்ட செயலை மறைக்க நல்ல காரணம் தேடுவது உலக வழக்கம் என்பார்கள். நல்ல செயலை மறைக்கச் சுயநலக் காரணம் தேடுகிறேன் நான்.

டேல் மில்லர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். சுயநலம் என்பது மனிதனின் இயல்பா என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அது நம் சமூகத்தில் ஓர் எழுதாத விதியாகிவிட்டது என்றார். ரெபெக்கா ராட்னருடன் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் கொடுக்கச் சம்மதமா என்று மாணவர்களிடம் கேட்டார்கள். பணம் எதுவும் இல்லாமல் என்றால் 63 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். 15 டாலர் கிடைக்கும் என்றால் 73 விழுக்காட்டினர். பணம் உண்டாக்கிய வேறுபாடு வெறும் பத்து. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று கணிக்கச் சொன்னபோது மாணவர்கள் சொன்னது: பணம் இல்லாவிட்டால் 33, இருந்தால் 62. தான் சும்மா கொடுக்கத் தயார். பக்கத்தில் இருப்பவன் காசில்லாமல் கையை நீட்ட மாட்டான். ஒவ்வொருவரும் இப்படி நினைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் நல்லெண்ணத்தை மறைத்துக்கொண்டு இருந்தால், அந்த அறையில் எல்லோரும் சுயநலக்காரர்கள் என்பதற்கு எல்லோருமே சாட்சி ஆகிவிடுகிறார்கள். தனக்குத் தொடர்பில்லாத ஒரு காரியத்துக்குக் குரல் கொடுக்கப் போகிறவனிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "உனக்கென்ன வந்தது?" அந்தக் கேள்வி ஒரு விதியின் காவல்காரன்.

பணப்பை ஆய்வைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. 2019இல் வெளியானது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,303 பணப்பைகள். வங்கி, அஞ்சலகம், அருங்காட்சியகம், விடுதி போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் ஆய்வுக் குழுவினர் ஒரு பணப்பையைக் கொண்டுபோய், "தெருவில் கிடந்தது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். உள்ளே உரியவரின் மின்னஞ்சல் முகவரி, ஒரு சாவி, ஒரு மளிகைப் பட்டியல். சிலவற்றில் பணம் இல்லை, சிலவற்றில் இருந்தது. பணம் இல்லாத பைகளில் 40 விழுக்காட்டுக்கு உரியவரைத் தொடர்புகொண்டார்கள். பணம் இருந்த பைகளுக்கு 51. மூன்று நாடுகளில் தொகையைப் பல மடங்கு கூட்டிப் பார்த்தார்கள். அங்கே 72 விழுக்காடு வரை போனது. முடிவு எப்படி இருக்கும் என்று பொதுமக்களிடமும் பொருளியல் அறிஞர்களிடமும் கேட்டார்கள். பணம் கூடக் கூடத் திருப்பித் தருவதும் கூடும் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. வெற்றுப் பையை வைத்துக்கொண்டால் சோம்பேறித்தனம், பணப் பையை வைத்துக்கொண்டால் திருட்டு. தன்னைத் திருடனாகப் பார்க்க மனிதனுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிடிக்காமையை நம் கணக்குகளில் நாம் சேர்ப்பதே இல்லை.

இதுவரை சொன்னவையெல்லாம் சின்ன விஷயங்கள்: போன், அறிக்கை, பத்து நிமிடத் தாமதம். இதே ஊகம் அதிகாரத்தின் கையில் சேரும்போது ஆட்கள் செத்துப்போகிறார்கள்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. அடுத்த சில நாட்களில் உலகமெங்கும் பரவிய செய்திகள்: சூப்பர்டோம் விளையாட்டரங்கில் அடைக்கலம் புகுந்தவர்கள் ஒருவரையொருவர் கொல்கிறார்கள், குழந்தைகள் சீரழிக்கப்படுகிறார்கள், மீட்புக்கு வரும் ஹெலிகாப்டர்களைச் சுடுகிறார்கள். அப்போது நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன். 'நாகரிகம் என்பது மேல்பூச்சுதான், கொஞ்சம் தண்ணீர் வந்தால் கரைந்துவிடும்' என்று யாரிடமோ அறிவாளித்தனமாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆகஸ்ட் 31 அன்று மேயர், மீட்புப் பணியில் இருந்த சுமார் 1,500 போலீசாரை அதை விட்டுவிட்டுக் கொள்ளையைத் தடுக்கப் போகச் சொன்னார். கூரைகளின் மேல் மக்கள் காத்துக்கொண்டிருந்த நேரம் அது. செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில், சுடுகிறார்கள் என்ற தகவலைக் கேட்டு விரைந்த போலீசார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள், நான்கு பேர் படுகாயமடைந்தார்கள். ஆறு பேரில் ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை.

தண்ணீர் வடிந்தபிறகு சூப்பர்டோமில் கிடைத்த உடல்கள் ஆறு. நான்கு பேர் இயற்கையாக இறந்தவர்கள், ஒருவர் போதைமருந்தால், ஒருவர் தற்கொலை என்று கருதப்பட்டது. கடைகளிலிருந்து பொருள்கள் எடுக்கப்பட்டது உண்மை. குற்றங்களே நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பேரிடர்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, அத்தகைய நேரத்தில் முதலில் கைகொடுப்பது அக்கம்பக்கத்தார்தான் என்பதை. அந்த நகரத்திலும் படகு வைத்திருந்த சாதாரண ஆட்கள் தாமாகவே கிளம்பி வந்து ஏராளமானோரைக் காப்பாற்றினார்கள். அந்தக் காட்சி ஏனோ யாருக்கும் மனித இயல்பின் சான்றாகப் படவில்லை. கொள்ளை இயல்பு, படகு விதிவிலக்கு.

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டதையும் இப்படித்தான் பல தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை என்று ஒரு நாளிதழ் எழுதியது, பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்பதும், அண்டை வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும் அதே அளவுக்குப் பரவவில்லை. பிற்காலத்தில் மூன்று நாடுகளின் நகரங்களில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 பொது இடத் தகராறுகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் வழிப்போக்கர் ஒருவராவது தலையிட்டிருந்தார். 38 பேர் கதை எனக்குப் பள்ளியிலேயே தெரியும். இந்த எண்ணை நாற்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் என் மனைவி குறுக்கிடுவார். இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்தபோதே குறுக்கிட்டார். "அப்படியானால் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கலாமா?" என்றார். நியாயமான கேள்வி. நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போன ஒருவர் இன்றுவரை வரவில்லை. அவர் முகம், அன்று போட்டிருந்த சட்டையின் கோடுகள், மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டே பேசியது எல்லாம் கண்முன் நிற்கின்றன. தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் நினைவிருக்கிறது.

மனிதர்கள் நல்லவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. 1961இல் தொடங்கிய மில்கிராம் சோதனைகளில், சாம்பல் நிற ஆய்வக அங்கி அணிந்தவர் சொன்னார் என்பதற்காக, இன்னொரு மனிதருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் விசைகளை 40 பேரில் 26 பேர் கடைசிவரை அழுத்தினார்கள். அதிர்ச்சி போலியானது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில், கூட இருந்த இருவர் மறுத்து எழுந்துவிட்டபோது கடைசிவரை போனவர்கள் 40க்கு 4 பேர்தான். இவற்றில் எது மனித இயல்பு? 26ஆ, 4ஆ? பக்கத்து நாற்காலியில் யார் இருந்தார், என்ன செய்தார் என்று கேட்காமல் இதற்கு விடை சொல்பவரை நான் நம்புவதில்லை. (பாருங்கள், எனக்கும் சந்தேகம் விட்டபாடில்லை.)

என் சிக்கல் பூட்டோடு இல்லை. பூட்டைத் தேவைக்குப் போட்டுக்கொள்ளலாம், அது ஒரு கருவி. பூட்டிய கதவைக் காட்டி, 'பார், திருடன் வரவில்லை, பூட்டு இருந்ததால்தான்' என்று மனித குலத்தைப் பற்றி முடிவுகட்டுகிறோமே, அதுதான் சிக்கல். இன்னொன்றும் உண்டு. கசப்பாகப் பேசுபவருக்குக் கிடைக்கும் மரியாதை. 'எல்லோரும் திருடர்கள்' என்பவரை விவரமானவர் என்கிறோம், 'பெரும்பாலோர் நல்லவர்கள்' என்பவரை வெகுளி என்கிறோம். ஓல்கா ஸ்டாவ்ரோவாவும் டேனியல் ஏலெப்ராக்டும் 30 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2 லட்சம் பேரின் தரவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அவநம்பிக்கை உள்ளவர்கள் கூடுதல் அறிவாளிகள் என்றுதான் மக்கள் கருதுகிறார்கள். அறிவுத்திறன் சோதனைகளிலோ அவர்கள் சராசரியாகக் கீழேதான் வந்தார்கள். விவரமானவர் என்ற பெயர் மலிவாகக் கிடைக்கிறது. நானும் அந்த நடைமேடையில் அதைத்தான் வாங்கினேன்.

முன்பணத்தோடு போனவரின் சட்டைக் கோடுகள் நினைவிருக்கின்றன. அந்தப் பையனின் சட்டை நினைவில்லை. ஒரு நிமிடம் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பானா, அவன் யாரை அழைக்க நினைத்தான், அந்த இரவு எப்படி வீடு சேர்ந்தான், எதுவும் தெரியாது. நம்பி இழந்ததற்கு முகமும் தேதியும் தொகையும் இருக்கின்றன. நம்பாமல் இழந்ததற்கு ஒரு வரிகூடக் கணக்கில் இல்லை. அந்த இளைய மொழிபெயர்ப்பாளர் கேட்காமல் விட்ட சொற்கள் எத்தனை என்று நான் எங்கே போய்க் கணக்குப் பார்ப்பது?

சென்ற ஆண்டு என் முறை வந்தது. வேறொரு நிலையம், ரயில் மிகத் தாமதம், என் போன் உண்மையாகவே அணைந்துவிட்டது. ஃபிளின், லேக் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடம் போன் கடன் கேட்கச் சொல்லி அனுப்பினால், மூன்று பேர் சம்மதிக்கப் பத்துப் பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் ஆறு பேரிடம் கேட்டாலே போதுமாகிறது. எண் தெரிந்திருந்தும் என்ன பயன், கால் நகரவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று கால்மணி நேரம் ஒத்திகை பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன்.

கடைசியில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வயதுக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "சார்ஜ் இல்லையே சார்" என்றார். அவர் கையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம். "பரவாயில்லை சார், நன்றி" என்றேன். அந்த நன்றி எப்படி வருகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டவனுக்கு அந்த இடத்தை விட்டு நகர வேறு வழி இல்லை.

பெஞ்சின் மறுமுனையில் இருந்த பெண் நான் கேட்பதற்கு முன்பே போனை நீட்டினார். பூட்டுத் திறந்தே இருந்தது. எண்ணை அழுத்தியதும், நான் பேசுவது கேட்கக் கூடாதென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குத் தகவல் சொன்னேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். நான் முதலில் போய்க் கேட்ட மனிதர் தன் திரையைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.